நீர்க்குமிழியாய் எழுந்த நிறுவனங்கள்

முன்னுரை

இருந்த இடத்தில் இருந்தபடியே இன்று நாம் துணி வாங்குகிறோம், புத்தகம் வாங்குகிறோம், காய்கறிகூட வாங்குகிறோம். இந்த வசதியை முதன்முதலில் மக்களுக்குத் தர முயன்ற இணைய நிறுவனங்கள் பல இன்று இல்லை. 1995-ஆம் ஆண்டிலிருந்து அவை அமெரிக்காவில் மளமளவென்று வளர்ந்தன. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் மளமளவென்று சரிந்தன. அவை ஏன் எழுந்தன, ஏன் விழுந்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தோற்றம்

1989-இல் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் உலகளாவிய வலைக்குத் திட்டம் வகுத்தார். அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 1993-இல் செர்ன் அறிவித்தது. அதே ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் அவருடன் பணியாற்றியவர்களும் மொசைக் என்னும் உலாவியை வெளியிட்டனர். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் தோன்றவே, பொதுமக்களும் வலைக்குள் நுழைந்தனர்.

ஆண்ட்ரீசன் 1994-இல் ஜிம் கிளார்க்குடன் சேர்ந்து நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்கினார். 1995 ஆகஸ்ட் 9 அன்று அதன் பங்குகள் 28 டாலர் விலையில் சந்தைக்கு வந்தன. மாலையில் ஒரு பங்கின் விலை 58 டாலரைத் தாண்டி நின்றது! நிறுவனம் தொடங்கி அப்போது ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை.

பங்கு என்றால் என்ன?

ஒருவர் கடை வைக்கப் பத்தாயிரம் ரூபாய் தேவை என்று கொள்வோம். பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் ஒவ்வொருவரும் கடையில் பத்தில் ஒரு பங்குக்கு உரியவர். கடை நன்றாக நடந்தால் பங்கின் மதிப்பு உயரும். கடை நொடித்தால் போட்ட பணம் போகும். ஆனால் கடையின் கணக்கைப் பார்க்காமல், “நாளை வேறொருவர் அதிக விலைக்கு வாங்குவார்” என்று மட்டும் நம்பிப் பங்கை வாங்கினால் என்ன ஆகும்? அதுதான் அங்கே நடந்தது.

ஏற்றம்

1998 நவம்பரில் தி குளோப்.காம் என்னும் நிறுவனத்தின் 9 டாலர் பங்கு முதல் நாளிலேயே 63 டாலரைத் தாண்டியது. அந்த அலை நம் நாட்டுக்கும் வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றது. அடுத்த மாதமே இந்தியா வேர்ல்டு என்னும் இணைய நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்க உடன்பட்டது.

1995-இல் 1,000 அளவில் இருந்த நாஸ்டாக் குறியீட்டெண் 2000 மார்ச் 10 அன்று 5,048-ஐ எட்டியது. அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் 1996-லேயே மிதமிஞ்சிய உற்சாகம் பற்றி எச்சரித்திருந்தார். கேட்பவர் குறைவாகவே இருந்தனர்.

வீழ்ச்சி

பெட்ஸ்.காம் நிறுவனம் செல்லப் பிராணிகளுக்கான உணவை வலை வழியே விற்றது. காலுறையால் செய்த நாய்ப்பொம்மை ஒன்று அதன் விளம்பரங்களில் பேசிப் புகழ் பெற்றது. 2000 பிப்ரவரியில் 11 டாலருக்குப் பங்குகளை விற்ற அந்நிறுவனம் நவம்பரில் கதவை மூடியது. கனமான உணவு மூட்டைகளை வீடுதோறும் அனுப்பும் செலவுக்கு வரவு ஈடாகவில்லை. ஆறு ரூபாய் செலவில் செய்த இட்லியை நான்கு ரூபாய்க்கு விற்றால் கூட்டம் கூடும். கூட்டம் கூடக் கூட நட்டமும் கூடும் அல்லவா?

வெப்வேன் நிறுவனம் மளிகைப் பொருள்களை வீட்டிற்கே கொண்டுவந்து தந்தது. வாடிக்கையாளர் குறிப்பிடும் அரை மணி நேரத்திற்குள் வண்டி வந்துவிடும். நல்ல சேவைதான். ஆயினும் முதல் ஊரில் இலாபம் வருமுன்பே 26 பெருங்கிடங்குகள் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்து அகலக்கால் வைத்தது. 2001 ஜூலையில் அது மூடப்பட்டபோது ஏறத்தாழ 2,000 பேர் வேலை இழந்தனர்.

நாஸ்டாக் குறியீட்டெண் 2002 அக்டோபர் 9 அன்று 1,114-க்கு இறங்கியது. உச்சத்தில் நூறு ரூபாய் போட்டவருக்கு இருபத்திரண்டு ரூபாயே மிஞ்சியது என்று கொள்ளலாம். குறியீட்டெண் பழைய உச்சத்தை மீண்டும் கடக்க 2015 ஏப்ரல் வரை ஆயிற்று. முதுமைக்கென்று சேர்த்த பணத்தை இழந்தவர்கள் பதினைந்து ஆண்டுகள் எவ்வாறு காத்திருக்க முடியும்?

நிலைத்தவை

எல்லா நிறுவனங்களும் அழிந்துவிடவில்லை. 1995-இல் தோன்றிய ஈபே தானே சரக்கு வாங்கி வைக்கவில்லை; பிறர் விற்பதற்கு இடம் தந்து கட்டணம் பெற்றது. அதனால் கிடங்குச் செலவும் இல்லை, வண்டிச் செலவும் இல்லை. அதே ஆண்டில் புத்தக விற்பனையைத் தொடங்கிய அமேசானின் பங்கு, 1999 இறுதியில் 100 டாலருக்கு மேல் இருந்து 2001-இல் 6 டாலருக்கும் கீழே போனது. ஆயினும் அது செலவைச் சுருக்கி, 2001-இன் கடைசிக் காலாண்டில் முதன்முதலாக இலாபம் கண்டது. ஆகவே எண்ணம் தவறன்று. கணக்குத்தான் தவறு என்பது தெளிவாகிறது.

முடிவுரை

தோழியரே! இது எங்கோ நடந்த கதை என்று நாம் இருந்துவிடக் கூடாது. குறுகிய காலத்தில் பணம் இரட்டிப்பாகும் என்னும் விளம்பரங்கள் நம் தெருவிலும் உண்டு. அவற்றை நம்பித் தாலிச் சங்கிலியை அடகு வைத்த தாய்மாரும் உண்டு. எனவே யாரிடமும் பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இந்த நிறுவனத்துக்கு வரவு எங்கிருந்து வருகிறது? செலவு போக என்ன மிஞ்சுகிறது? பிறர் போட்டதைத் தவிர நாம் பணம் போட வேறு காரணம் உண்டா? விடை கிடைக்காவிட்டால் பணம் நம் கையிலேயே இருக்கட்டும். வகுப்பறையில் நாம் கற்கும் கூட்டலும் கழித்தலும் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் வீட்டைக் காப்பதற்கும் உரியவை.

— பத்தாம் வகுப்பு மாணவி