பகுதி நேர அரசுப் பணியின் அரை நாள் கணக்கு

தமிழ்நாட்டில் கூடுதல் வருமானத்துக்காக நாடப்படும் தற்காலிக அரசுப் பணிகள் பெரும்பாலும் பள்ளிக்கல்வி, சுகாதாரம், சமூக நலத் துறைகளில் கிடைக்கின்றன. மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும். சான்றிதழ் நகல்களோடு விண்ணப்பித்தால் நேர்காணல். அவகாசம் குறைவு என்பதால் தளத்தை அடிக்கடி பார்ப்பவருக்கே வாய்ப்பு. நடுவில் நின்று பணம் கேட்பவர் தரகர். அவரிடம் பேச்சே வேண்டாம்.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பாடம் சொல்லித்தரும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அமர்த்தப்பட்ட தற்காலிக ஆசிரியர்களில் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. வீட்டுச் செலவில் ஒரு பகுதிக்கு ஆகும். குடும்பம் நடத்த ஆகாது.

இந்த வேலையை நம்பி, கையிலிருக்கும் பிழைப்பை விடுவதுதான் பெரிய நஷ்டம். 2012இல் அரசுப் பள்ளிகளில் தையல், ஓவியம், இசை, உடற்கல்வி, கணினி முதலிய பாடங்களுக்குப் பகுதி நேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் பணி. மீதி நேரத்தில் தையல் கடையைத் திறந்துகொள்ளலாம் என்று காகிதத்தில் பார்த்தால் தோன்றும். ஆனால் காலையில் போனவரை மதியத்துக்கு மேலும் இருத்திவைக்க ஆண்டு விழா ஒத்திகை, எமிஸ் எனப்படும் கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, பதில் வகுப்பு என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். சொன்ன நாளில் ரவிக்கை தராத கடைக்கு மறுமுறை யார் துணி கொடுப்பார்கள்? மே மாதம் ஊதியமும் தரப்படவில்லை. தனியார் பள்ளிக் கட்டணம் கேட்கும் மாதமோ அதுதான்.

என்றாவது நிரந்தரமாகும் என்ற நம்பிக்கைதான் ஆளை விடாமல் பிடித்துவைக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் பகுதி நேர ஆசிரியர்களுக்குப் பணி நிரந்தரம் என்பது தி.மு.க.வின் வாக்குறுதிகளில் ஒன்று. 2024இல் கிடைத்ததோ மாதம் 12,500 ரூபாய் என்ற ஊதிய உயர்வுதான். தற்காலிகமாகச் சேர்ந்தவர் நிரந்தரம் கோர உரிமை இல்லை என்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006லேயே சொல்லிவிட்டது. சுகாதாரத் துறை ஒப்பந்தப் பணிகளுக்கு நிரந்தரம் கிடையாது என்பதை அறிவிப்பிலேயே அச்சிட்டு, ஒப்புதல் கடிதமும் எழுதி வாங்குகிறார்கள். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சங்கம், போராட்டம் என்று அலைவோர் ஏராளம். மறுத்துச் சொல்லக் கூசும் சுபாவம் உள்ளவர்கள் இந்த வேலைக்குப் போகாமலிருப்பது நல்லது. அரை நாள் முடிந்ததும் எழுந்து வரத் தெரிந்தவருக்கே இது உபரி வருமானம்.

பணி ஆணை, வருகைப் பதிவேட்டின் நகல், ஊதியம் வரவான வங்கிக் கணக்குப் பக்கம் மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும். அனுபவச் சான்றிதழை ஒப்பந்தம் முடியும் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். தலைமையாசிரியர் மாறுதலில் போய்விட்டால், புதிதாக வந்தவர் அதில் கையெழுத்துப் போட யோசிப்பார்.