இயற்கைப் பூங்காக்களில் பார்வையாளரும் சுற்றுச்சூழல் கல்வியும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்தினுள் நுழைய அனுமதி வழங்கத்தக்க காரணங்களை வரிசைப்படுத்துகிறது. வனவிலங்குகளைப் பற்றிய ஆய்வு முதலில் வருகிறது; சுற்றுலா அதற்குப் பின்னரே இடம்பெறுகிறது. நடைமுறையில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. பொழுதுபோக்க வருபவரைக் கற்றுச் செல்பவராக மாற்ற இயலுமா என்பதற்குக் கேரளத்தின் இரண்டு பூங்காக்கள் ஓரளவு விடையளிக்கின்றன.

இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றை அடுத்துள்ள இரவிகுளம், 97 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தேயிலைத் தோட்டத்தாரின் வேட்டைக்களமாக இருந்த இந்நிலம், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநில அரசின் வசமாயிற்று. 1975இல் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வரையாடுகள் மிகுந்த எண்ணிக்கையில் வாழும் இடம் இது. பார்வையாளருக்கு ராஜமலைப் பகுதி மட்டுமே திறந்துவிடப்பட்டுள்ளது. சொந்த வாகனத்தைக் கீழே நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில்தான் செல்லவேண்டும். ஆடுகள் குட்டி ஈனும் பருவத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்கா மூடப்படுகிறது. கட்டண வருவாயைத் துறந்து கதவடைப்பது எளிய முடிவன்று. காரணம் விளக்கப்பட்டால் அதுவே சிறந்த பாடம். விளக்கப்படாவிடில் வெறும் ஏமாற்றம்.

ஆட்டைக் கண்டவர் அது மேயும் புல்லைக் காண்பதில்லை. மலைப் புல்வெளியைத் தரிசெனக் கருதிய பழைய நிர்வாகக் கண்ணோட்டமே நீலகிரி போன்ற இடங்களில் சீகையும் யூகலிப்டசும் நடப்பெறக் காரணமாயிற்று. புல்வெளியும் சோலைக்காடும் சேர்ந்தே மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்குத் தருகின்றன. குறிஞ்சி பூத்த 2006, 2018ஆம் ஆண்டுகளில் மட்டும் புல்வெளி பேசப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை எடுத்துக்கூற ஆள் வேண்டும். அறிவிப்புப் பலகை போதாது.

அந்த ஆள் யார் என்பதைப் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் காட்டுகிறது. 2010இல் புலிகள் காப்பகமான இங்கு, காடர், மலசர் முதலிய பழங்குடியினர் வழிகாட்டிகளாகப் பணியாற்றுகின்றனர். காலடித் தடத்தையும் எச்சத்தையும் கண்டு விலங்கின் போக்கைச் சொல்லும் அறிவு, தலைமுறைகளாக வந்தது. அதற்குக் கூலி கிடைப்பது பொருளாதார நோக்கிலும் நியாயமே. காட்டைக் காப்பதில் அவர்களுக்குள்ள அக்கறை வருமானத்தோடும் பிணைகிறது. எனினும் கூட்டம் பெருகினால் வழிகாட்டி வெறும் காவலாளாகிவிடுவார். கட்டணத்தை மட்டும் உயர்த்திக் கூட்டத்தைக் குறைப்பது சரியான வழியன்று. முதலில் விலகுபவர் மாணவரே. கேரள வனத்துறை மாணவர்களுக்கு நடத்தும் இயற்கை முகாம்கள் இவ்வகையில் பின்பற்றத்தக்கவை.

பரம்பிக்குளத்திற்குச் சாலை வழியாகச் செல்பவர் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியே தமிழ்நாட்டைக் கடந்தே செல்லவேண்டும். அங்குள்ள பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருப்பினும், அவற்றை இயக்குவது தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் நீர்ப்பிரிவாக இருந்து இன்று தனித்துறையாகிவிட்ட நீர்வளத் துறையே. கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்குப் பாயும் நீரின் ஒரு பகுதி இக்காட்டிலிருந்து வருகிறது. அவ்வயல்களை அடுத்த பள்ளி மாணவரை அழைத்துவந்து முதலில் காட்டவேண்டியது புலியன்று, அந்த நீர்த்தேக்கத்தையே.