கிணற்று நீரும் குடும்பக் கடமையும்



சூழல் நெருக்கடி என்றவுடன் உருகும் பனிமலைகளும் அழியும் அமேசன் காடுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை உண்மையே. ஆயினும் இந்நெருக்கடியின் நடுவே ஒரு குடும்பம் எவ்வாறு நன்றாக வாழ்வது என்று கேட்டால், யாழ்ப்பாணக் குடாநாட்டவராகிய நமக்குப் பாடம் கிணற்றடியில் தொடங்குகின்றது. இங்கு வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரியில் ஓடிக் கோடையில் வறண்டு போவதே. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையே பெரும்பாலும் ஆண்டு முழுவதற்கும் நமது குடிநீர், தோட்ட நீர் யாவும். அது சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது.

ஒல்லாந்தப் பொறியியலாளர் கைபனும், அவருக்குப் பின் ஜேர்மானியர் ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கொன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறையுமாயின் கீழே உவர்நீர் 40 அடி எழும்ப இடமுண்டாகும். சுண்ணக்கல்லின் வெடிப்பும் குகையும் இக்கணக்கைச் சற்று மாற்றலாம், போக்கு மாறாது.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இன்று சுவிச்சைப் போட்டால் போதும். களைப்பில்லை, ஆகவே காவலுமில்லை. (துலாவுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வரவில்லை. துலா மிதித்தவர்களே அதை விரும்பமாட்டார்கள்!) அந்தக் காவலை இப்போது நாமே நமக்கு வைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. நீர் உவர்க்கத் தொடங்கியதும் குழாயை இன்னும் ஆழத்துக்கு இறக்குவோர் உளர். அது உவரைக் கைபிடித்து அழைத்து வருவதாகும். காலையில் சிறிது, மாலையில் சிறிது இறைத்து, இடையில் ஊறவிடுவதே கிணற்றுக்கு நல்லது.

உவர் நாக்குக்குத் தெரியும். நைத்திரேற்று தெரியாது. தோட்டத்துக்கு மிகையாக இடும் யூரியாவும், மலசலகூடக் குழியும் அதைக் கிணற்றுக்கு அனுப்புகின்றன. உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டுக் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பன்முறை கண்டிருக்கிறார்கள். தாய்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கக் கூடும். ஆகவே குழந்தையுள்ள வீட்டார், பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு நீரைச் சோதிப்பித்துக்கொள்வது அவசியம்.

பசளை விடயத்தில் அவசரம் உதவாது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு முடியுமுன்னரே தடை தளர்த்தப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நம் முன்னோர் பனையோலையைத் தாழ்த்தினார்கள், பூவரசங் குழை புதைத்தார்கள், ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். இவற்றை ஒரு போகத்துக்கு ஒரு பாத்தியாகத் திரும்பக் கொண்டுவந்து, அந்தளவுக்கு யூரியாவைக் குறைப்பதே நடக்கக்கூடிய காரியம்.

இனி அயலானைப் பற்றி. ஆதியாகமம் 26 ஆம் அதிகாரத்தில், தகப்பனுடைய ஆட்கள் தோண்டிய கிணறுகளைப் பிலிஸ்தியர் மண்ணிட்டு மூடிவிட, ஈசாக் அவற்றை மீண்டும் தோண்டுகிறார். பின்னர் புதுக் கிணறுகளுக்காகச் சச்சரவு எழும்போது, விட்டுக்கொடுத்து அப்பாற் போய் வேறொன்று தோண்டுகிறார். நமக்கு அந்த வசதியில்லை. அப்பாற் போனாலும் அதே சுண்ணக்கல், அதே நீர். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்து, சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்ட வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலிலும், பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொருவருக்கும் உள்ள அடிப்படை உரிமை என்று எழுதினார். பெரிய ஆலைக்கு மட்டுமா இது? இரண்டு பரப்புக் காணியில் மலசலகூடக் குழியை நமது கிணற்றிலிருந்து தூரத் தள்ளி, அயல்வீட்டு வேலியோரம் வெட்டுகிறோமே, அவ்வேலிக்கு அப்பால் யாருடைய கிணறு என்று எட்டிப் பார்த்தோமா?

முற்றம் முழுவதும் சீமெந்து போடுவதும் இதைச் சேர்ந்ததே. விழுந்த மழை தெருவுக்கு ஓடி, தெருவிலிருந்து கடலுக்குப் போகின்றது. கிணற்றைச் சுற்றிக் கட்டு இருக்கட்டும். மற்ற இடம் மண்ணாக இருக்கட்டும். ஊர்க் குளங்களில் தேங்கும் நீரே அயற்கிணறுகளுக்கு ஊறுகின்றது. அக்குளங்களுக்கு வரும் வாய்க்கால்கள் குப்பையால் அடைபட்டுக் கிடக்கின்றன. புரட்டாதி முடியுமுன் பங்கு வாலிபர் சங்கத்தார் ஒரு சனிக்கிழமை மண்வெட்டியுடன் கூடினால், ஒரு வாய்க்காலையாவது திறந்துவிடலாம்.