தூணோடு நின்ற வீட்டுக்கு யார் பொறுப்பு?

அன்பு மகளே,

கிள்ளானில் அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு ஆயிரம் வெள்ளி புக்கிங் கட்டப்போவதாகச் சொன்னாய். மகிழ்ச்சி. பணத்தைக் கொடுக்குமுன் உன் பெரியப்பாவுக்கு நடந்ததைத் தெரிந்துகொள்.

பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருந்துகொண்டே அவர் ஒரு தரை வீட்டுக்குக் கடன் எடுத்தார். தூண்கள் எழும்பின, வேலை நின்றது, மேம்பாட்டாளர் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார். வாடகையையும் வங்கி வட்டியையும் ஒரே சம்பளத்தில் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப்போய் அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு வருவார். சுற்றிலும் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். 'அகலக்கால் வைத்தால் இப்படித்தான்' என்று உறவுக்காரர்கள் அவரையே குறை சொன்னார்கள். அந்தப் பேச்சு தவறு. நீயும் அதை நம்பிவிடக் கூடாது.

இங்கே மலேசியாவில் பெரும்பாலும் விற்றபிறகுதான் கட்டுகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது விலையில் 10 விழுக்காடு. அடித்தளம் முடிந்தால் இன்னொரு 10. தூணும் உத்திரமும் எழும்பினால் 15. கட்டடக்கலைஞரோ பொறியாளரோ சான்றிதழ் தந்தால் வங்கி பணத்தை விடுவிக்கும். விடுவித்த தொகைக்கு வட்டி உன் பெயரில் ஏறும். வேலை நின்றாலும் கடன் நிற்காது. கட்ட முடியாதவர் நொடித்துப்போனவர் என்று அறிவிக்கப்படலாம்.

இதில் யாரால் என்ன செய்ய முடிந்தது என்று பார். மேம்பாட்டாளரின் கணக்கை ஆராய்ந்து உரிமம் தந்தது அரசு. நிபுணர்களை வைத்துத் திட்டத்தை எடைபோடும் வசதி வங்கிக்கு இருந்தது. பெரியப்பாவின் கையில் இருந்தது ஒரு வண்ண விளம்பரத்தாள் மட்டுமே. தடுக்கும் வலிமை இருந்தவர்கள் நட்டமில்லாமல் வெளியேறினார்கள். வலிமையே இல்லாதவர் முழுச் சுமையையும் சுமந்தார். இது அநியாயம் என்றே சொல்வேன்.

அதற்காக, வாங்குபவர்கள் எல்லாரும் குற்றமற்றவர்கள் அல்லர். சம்பளச் சீட்டைத் திருத்திக் கொடுப்பவர்களும், விலையைக் கூட்டிக் காட்டிக் கையில் ரொக்கம் வாங்குபவர்களும் உண்டு. கட்டி முடியும்வரை வட்டியை மேம்பாட்டாளரே கட்டும் திட்டம் பலரைத் தகுதிக்கு மீறி வாங்கவைத்தது. 2014 வரவுசெலவுத் திட்டத்தில் அரசு அதைத் தடைசெய்தது.

இத்தனை பேருக்கு நடுவே பொறுப்பைப் பங்கிட முடியாது என்பார்கள். முடியும். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். மற்ற இரு கட்டடங்களில் வீடு வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2000இல் உயர்நீதிமன்றம் பொறுப்பை விழுக்காடு போட்டே பலருக்குப் பிரித்தது: அவர்களுள் மேம்பாட்டாளருக்கு 15, பொறியாளருக்கு 10, நகராண்மைக் கழகத்துக்கு 15, பின்னால் இருந்த மலை நிலத்தின் உரிமையாளரான நிதி நிறுவனத்துக்கு 30. ஆனால் 2006இல் கூட்டரசு நீதிமன்றம், சட்டமே பாதுகாப்புத் தருகிறது என்று நகராண்மைக் கழகத்தை விடுவித்தது. அதிகாரம் இருந்த இடத்தில் பொறுப்பு இல்லாமல் போன அந்த நாளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நீதிமன்றம் நம் பக்கம் நின்ற நாளும் உண்டு. சட்டப்படி அடுக்குமாடி வீட்டை 36 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும். தாமதித்தால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு கணக்கில் இழப்பீடு. பழைய கிள்ளான் சாலைத் திட்டம் ஒன்றில் அந்தக் கெடுவை 48 மாதமாக நீட்டித் தந்தார்கள். 2019 நவம்பரில், அப்படி நீட்டிக்க வீடமைப்புக் கட்டுப்பாட்டாளருக்கு வழிவிட்ட விதியே செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் 2008இல் வீட்டுக்கடன்கள் மூழ்கியபோதும் முதலில் திட்டு வாங்கியவர்கள் கடன் எடுத்தவர்கள்தான். ஆனால் கலிபோர்னியாவில், குடியிருக்க வாங்கிய வீட்டின் கடனுக்கு வங்கி அந்த வீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இங்கே அந்தக் காப்பு இல்லை. 10 விழுக்காட்டை முதலிலும் மீதி 90ஐ வீடு முடிந்த பிறகும் கட்டும் முறையும் நம் சட்டத்தில் இருக்கிறது; ஆனால் கட்டாயம் ஆக்கப்படவில்லை. அதைக் கட்டாயமாக்கினால் கட்டி முடிக்கும் சுமை மேம்பாட்டாளருக்கும் அவருக்குக் கடன் தரும் வங்கிக்கும் போகும். போகவேண்டிய இடம் அதுதான்.

அந்த ஆயிரம் வெள்ளியை இப்போது கொடுக்காதே, மகளே. ஒப்பந்தத்துக்கு முன் எந்தப் பெயரிலும் பணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. வீடமைப்பு, ஊராட்சித்துறை அமைச்சின் தெடுஹ் இணையத்தளத்தில் மேம்பாட்டாளரின் உரிமத்தையும் பழைய திட்டங்களின் நிலையையும் பார். பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு. கிள்ளானுக்கு நாம் இருவரும் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
சித்தப்பா