ரோபோவை மாட்டிக்கொண்டால் போதுமா? பழக வேண்டாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் நாள் மவுஸ் பிடிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? கை ஒரு பக்கம் போகும், பாயின்டர் வேறு பக்கம் ஓடும். சில நாள் கழித்து, கையில் மவுஸ் இருப்பதே அவருக்கு நினைவிருக்காது. உடம்பில் அணியும் ரோபோவிலும் இதே கதைதான். இதற்கு எக்ஸோஸ்கெலிட்டன் என்று பெயர். காலிலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளும் சட்டம். அதோடு மோட்டார், சென்சார், கட்டுப்படுத்த ஒரு கம்ப்யூட்டர். நீங்கள் அடி எடுத்து வைப்பதைச் சென்சார் உணர்ந்ததும் மோட்டார் கைகொடுக்கும்.

மோட்டாரே இல்லாத ஜெய்ப்பூர் காலை முதலில் பாருங்கள். நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981ல் திருச்சி அருகே நடந்த விபத்தில் அடிபட்டு ஒரு காலை இழந்தார். ஜெய்ப்பூர் காலோடு பழகி 1984ல் மறுபடியும் பரதநாட்டிய மேடை ஏறினார். அங்கே கற்றுக்கொண்டது முழுக்க அவருடைய உடம்பு. ரோபோவில் அப்படியல்ல. மனிதர் பழகுகிறார், சாஃப்ட்வேரும் அவர் நடைக்கேற்ப செட்டிங்கை மாற்றுகிறது. இதில் யார் பங்கு பெரிது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேத்ரின் பாகென்சீ, ஸ்டீவ் காலின்ஸ் இருவரும் இதை அளந்து 2021ல் வெளியிட்டார்கள். புதியவர்களுக்குக் கணுக்கால் ரோபோ மாட்டி நடக்க வைத்தார்கள். ரோபோவை ஆஃப் செய்து நடப்பதோடு ஒப்பிட்டால், எல்லோருக்கும் பொதுவான செட்டிங்கில், பழகும் முன் உடம்பின் சக்திச் செலவு 10 சதவீதம் குறைந்தது. பழகிய பின் 31. ஆளுக்கேற்ற செட்டிங்கும் சேர்ந்தபோது 39. மொத்தப் பலனில் ஏறக்குறைய பாதி பயிற்சியால் வந்தது. செட்டிங்கின் பங்கு கால்வாசிதான். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது கொஞ்சம் வருத்தமான செய்தி!

தேறுவதற்குச் சுமார் 109 நிமிட நடை தேவைப்பட்டது. பத்து நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு, 'இது உதவாது' என்று கழற்றி வைத்தால் எப்படி?

இன்னொரு விஷயம். ஒரு குழுவுக்கு ரோபோவின் இழுப்பு அதிகம் மாறாமல் இருந்தது. இன்னொரு குழுவுக்கு அளவோடு மாறியது. மூன்றாவது குழுவுக்கு ஏகமாக மாறியது. அளவோடு மாறிய குழு முந்தியது. அதிகம் மாறாத குழுவுக்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. மூன்றாவது குழு கடைசி வரை அந்தத் தேர்ச்சியை எட்டவே இல்லை. மவுஸ் பாயின்டரின் வேகத்தை நிமிடத்துக்கு ஒரு தரம் யாரோ மாற்றிக்கொண்டே இருந்தால் உங்கள் கை என்ன பாடுபடும், யோசியுங்கள்.

இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்கான ரீவாக் கருவியில் இது இன்னும் கடினம். உடம்பை முன்னே சாய்த்தால்தான் கருவி அடி எடுத்து வைக்கும். ஊன்றுகோலோடு அந்தச் சாய்வைப் பழக வேண்டும்; தவறினால் விழ வேண்டியதுதான். 2014ல் அமெரிக்க அரசு இதை வீட்டில் பயன்படுத்த அனுமதித்தபோது, பயிற்சி பெற்ற துணையாள் கூட இருக்க வேண்டும் என்றது.

எங்கள் ஏரல் பக்கம் வாழைத்தார் சுமப்பவர்களின் இடுப்புக்கு இப்படி ஒரு கருவி வந்தால் நல்லதுதான். ஆனால் ஸ்டான்ஃபோர்டு சோதனையில் மாறியது ரோபோ மட்டும், தரை மாறவில்லை. இங்கே ஈர வரப்பு, வாய்க்கால் மேடு, தலையில் பாரம். முதல் இரண்டு மணி நேரமாவது வெறுங்கையோடு களத்துமேட்டில் நடந்து பழக வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி தரப்படுமா என்பதையும் கருவி வாங்குபவர்கள் முதலிலேயே பேசிவிட வேண்டும்.