பாதிக்குப் பாதி

தில்லியில் வாழும் நம்மவர்களுக்குக் குளிர்காலம் வந்தால் பனி பார்க்கும் ஆசையும் வந்துவிடும். 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின், மணாலியைத் தாண்டி லாஹௌல் பள்ளத்தாக்குக்கு ஜனவரியிலும் கார்கள் போகின்றன. ஒருமுறை நானும் குடும்பத்துடன் போய்க் கேலாங்கில் தங்கினேன். காலையில் பார்த்தால் ரேடியேட்டர் விரிசல் விட்டிருந்தது. குற்றம் என்னுடையதுதான். கோடை முழுவதும் கூலன்ட் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருந்தேன்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. அந்த அழுத்தத்தில் எஞ்சின் பிளாக்கே பிளந்துவிடலாம். நான் ரேடியேட்டரோடு தப்பினேன்.

"அப்படியானால் முழுக்கக் கூலன்டையே ஊற்றிவிடலாமே?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் தனியாக இருந்தால் மைனஸ் 13 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உறைந்துவிடும். தண்ணீரோ 0 டிகிரியில் உறையும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தாலோ, மைனஸ் 37 வரை உறையாது! மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் என்றால் மைனஸ் 17 வரை தாங்கும். மேலும், வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே கெட்டிக்காரன். கூலன்ட் மிகுந்தால் தில்லியின் மே மாத வெயிலில் எஞ்சின் சூடேறும். ஆகவே பாதிக்குப் பாதியே நமக்கு ஏற்றது.

கலக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரேடியேட்டரை வடித்தாலும் எஞ்சினுக்குள் பழைய தண்ணீர் கொஞ்சம் தங்கும். வெளியே கலந்து ஊற்றினால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து கலவை நீர்த்துவிடும். வண்டிக் கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்றிருந்தால், முதலில் 3 லிட்டர் கூலன்டை ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். அதுவும் காய்ச்சி வடித்த நீராக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு உள்ளே படியும். கலந்தே விற்கும் கூலன்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்காமல், கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கூலன்ட் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாதபடி வையுங்கள்.

மலைக்குப் புறப்படுமுன் மெக்கானிக்கிடம் ஹைட்ரோமீட்டரால் கலவையைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அதைச் செய்யாததால், கடுங்குளிரில் குழந்தைகளுடன் மெக்கானிக்கைத் தேடி அலைந்தவன் சொல்கிறேன்.