மரபிழையின் புணரியல்

நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் பொருந்துமாற்றை ஆராய்வது புணரியல். இலக்கணம் பயிலும் நமக்கு அது பழகிய பாடம். மொழிக்கேயன்றி உயிர்க்கும் ஒரு புணரியல் உண்டென்பதனை அறிவியல் நூலார் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிற் கண்டனர். அதனையும், அதற்குக் கருவியாகிய இருவகை நொதிகளையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

உயிர்களின் மரபுக் குறிப்புக்கள் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழையில் எழுதப்பட்டுள்ளன. அவ்விழை, இரண்டு புரிகளை உடைய முறுக்கிய ஏணி போன்றது. அதற்கு எழுத்துக்கள் நான்கே: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன். இவற்றை அ, தை, கு, சை எனக் குறிப்போம். ஒரு புரியில் அ நின்றவிடத்து எதிர்ப்புரியில் தை நிற்கும். கு நின்றவிடத்துச் சை நிற்கும். இரு புரிகளும் எதிரெதிர்த் திசையிற் படிக்கப்படுவன.

இவ்விழையை வெட்டுங் கருவியை மனிதன் தானே வனைந்தானல்லன், நுண்ணுயிர்களிடத்தே கண்டெடுத்தான். ஃபேஜ் எனப்படும் வைரஸ் ஒருவகைப் பாக்டீரியாவிற் பெருகி, மற்றொரு வகையிற் பெருகாது தடைப்படுதலை 1950-களின் தொடக்கத்தில் சால்வடார் லூரியா முதலியோர் கண்டனர். இத்தடைக்குக் காரணம் யாது? சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் வெர்னர் ஆர்பர் 1960-களில் இதனை ஆராய்ந்தார். பாக்டீரியா தன்னுள் நுழையும் அயலிழையைத் துண்டிக்கின்றது என்றும், தன் இழைமீது மெத்தில் என்னும் சிறு குறியை இட்டு அதனைக் காத்துக்கொள்கின்றது என்றும் விளக்கினார். பகைவரை வெட்டும் வாள் தன் வீட்டாரை வெட்டாதிருத்தற்கு அக்குறியே காப்பு. வைரஸின் பெருக்கத்தைத் தடை செய்தலின் அவ்வாள் தடைக்கட்டு நொதி எனப் பெயர் பெற்றது.

1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஹாமில்டன் ஸ்மித், குறித்ததோர் எழுத்துத் தொடரைக் கண்டு அவ்விடத்திலேயே வெட்டும் நொதியைப் பிரித்தெடுத்தார். உடன் பணியாற்றிய டேனியல் நேத்தன்ஸ், எஸ்.வி.40 என்னும் வைரஸின் இழையை அதனால் 11 துண்டுகளாக வெட்டி 1971-இல் வெளியிட்டார். ஆர்பரும் இவ்விருவரும் 1978-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, வெட்டு யாங்ஙனம் நிகழ்கின்றதெனக் காண்போம். 'ஈக்கோ ஆர் ஒன்று' என்னும் நொதி தேடும் தொடர் கு-அ-அ-தை-தை-சை என்பது. எதிர்ப்புரியை அதற்குரிய திசையிற் படிப்பினும் இதுவே வரும். மாலைமாற்றுப் பயின்றார்க்கு இஃது உவகை தரும். எனினும், மாலைமாற்று ஓரடியையே இருமுனையினின்றும் படிப்பது. இஃதோ இரு புரிகளையும் தத்தம் திசையிற் படிப்பது. இவ்வேற்றுமை அறியத்தக்கது. நொதி ஒவ்வொரு புரியிலும் கு-வுக்கும் அதனை அடுத்த அ-வுக்கும் இடையே வெட்டும். வெட்டுவாய் நேராக அமையாது படிபோல் அமைதலின், இரு துண்டுகளின் முனையிலும் அ-அ-தை-தை என்னும் ஒற்றைப்புரி நீண்டு நிற்கும். இவை ஒட்டும் முனைகள் எனப்படும்.

நான்கெழுத்து ஆறிடத்து நிற்கும் வகை 4,096 ஆதலின், இத்தொடர் சராசரியாக அத்தனை எழுத்துக்கு ஒருமுறையே வரற்பாலது. 48,502 எழுத்திணைகளை உடைய லாம்டா ஃபேஜின் நீளிழையில் இஃது ஐந்திடத்தே உளது. ஆகவே அவ்விழை ஆறு துண்டாகும்.

ஒரே நொதியால் வெட்டப்பட்ட துண்டுகள், எவ்வுயிரினின்று வந்தனவாயினும், முனை ஒத்தலின் ஒன்றையொன்று பற்றும். ஆயின் நான்கெழுத்தின் பற்று மெல்லியது, எளிதில் விலகும். அதனை நிலைபெறச் செய்வது 1967-இல் கண்டறியப்பட்ட லைகேஸ் என்னும் நொதி. புரியில் அற்றுப்போன சர்க்கரை, பாஸ்பேட் பிணைப்பை, ஏ.டி.பி. முதலிய ஆற்றற்பொருளைச் செலவிட்டு அது மீளக் கட்டுகின்றது. உயிரணுவில் இழை படியெடுக்கப்படும்போதும் பழுது நீக்கப்படும்போதும் அதன் தொழில் இதுவே. இணைந்த பின் கு-அ-அ-தை-தை-சை முழுமையாக நிற்கும். தோன்றல், திரிதல், கெடுதல் இல்லா இயல்பு புணர்ச்சி என்க.

1973-இல் கலிபோர்னியாவில் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் பாயர் முதலியோர், பிளாஸ்மிட் என்னும் வட்ட இழையில் இவ்வாறு அயல் துண்டைப் புணர்த்துப் பாக்டீரியாவினுட் புகுத்தினர். அது பெருகுந்தோறும் அத்துண்டும் பெருகிற்று. வாள் கைக்கு வந்தபொழுதே அச்சமும் வந்தது. 1974-இல் பால் பெர்க் முதலான ஆராய்ச்சியாளர், இடர் விளைக்கக்கூடிய சில சோதனைகளை நிறுத்திவைக்குமாறு தம் துறையினரைத் தாமே வேண்டினர். 1975 பிப்ரவரியில் அசிலோமர் என்னுமிடத்துக் கூடிக் காவல் நெறிகளை ஆராய்ந்த பின்னரே மேற்செல்லத் துணிந்தனர்.

இதனால் விளைந்த பயன் சிறிதன்று. அதுகாறும் நீரிழிவு நோயாளர்க்குரிய இன்சுலின், பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்தினின்று பெறப்பட்டது. 1978-இல் மனித இன்சுலினின் இரு சங்கிலிகளுக்குரிய தொடர்களை வேதிமுறையால் இயற்றிப் பிளாஸ்மிட்டிற் புணர்த்து, பாக்டீரியாவைக் கொண்டே அதனை ஆக்குவித்தனர். 1982-இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது.

ஒரு வைரஸ் ஏன் பெருகவில்லை என்று கேட்டவர் நீரிழிவு மருந்தை நாடிக் கேட்டாரல்லர். உண்மையை அறிதற்கெனவே கேட்ட வினா, பிறர் நோய் தீர்க்கும் வழியைத் திறந்தது. கருவி கைவந்தவர் சற்றே நின்று எண்ணியமையும் அவ்வழிக்குத் துணையாயிற்று. ஈற்றையும் முதலையும் நோக்காது புணர்த்தலாகாது என்பது நம் இலக்கணம் கற்பிக்கும் நெறி. எழுத்தொன்று பிறழின் பொருளே பிறழும் என்பதும் நாம் அறிந்ததே. உயிரின் ஏட்டிற் கைவைப்போர்க்கு அந்நெறி இன்னும் மிகுதியாக வேண்டற்பாலது.